ஹார்மோன் நீக்கிய கன்றுச் சீரம்: குருத்தெலும்பு செல் சோதனைக்கு வாங்கலாமா?

கார்டிசால், எஸ்ட்ராடயால், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் குருத்தெலும்பு செல்களின் வளர்ச்சியை எப்படி மாற்றுகின்றன என்று வளர்ப்புத் தட்டில் வளர்த்துச் சோதிப்பவர்களுக்கு முதல் இடைஞ்சல், செல்லுக்கு ஊட்டும் சீரம்தான். மாட்டுக் கருவின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சாதாரண சீரத்தில் இந்த ஹார்மோன்கள் ஏற்கனவே இருக்கின்றன. அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு "விளைவு ஏதும் இல்லை" என்று எழுதினால், அந்த முடிவு செல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தொல்லையைத் தீர்ப்பதாகச் சொல்லி விற்கப்படுவது சார்கோல் ஸ்ட்ரிப்டு சீரம், அதாவது டெக்ஸ்ட்ரான் பூசிய கரியால் ஹார்மோன் உறிஞ்சி எடுக்கப்பட்ட சீரம். சாதாரண சீரத்தைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதல் பணத்துக்குத் தகுந்த பொருளா என்பது, நீங்கள் எந்த ஹார்மோனைப் பார்க்கிறீர்கள், எந்த மீடியத்தில் (செல் வளரும் ஊட்டத் திரவம்) பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பாலின ஹார்மோன்களை, அதாவது எஸ்ட்ராடயால் முதலான எஸ்ட்ரோஜன்களையோ டெஸ்டோஸ்டிரோனையோ, சோதிப்பவர் இதை வாங்கியே ஆக வேண்டும். கார்டிசால் வகையான குளுகோகார்டிகாய்டு சோதிப்பவருக்கு இது உதவும், ஆனால் இது மட்டும் போதாது. சீரமே இல்லாமல் செல்களை உருண்டையாக்கி வளர்க்கும் பெல்லெட் வளர்ப்பு செய்பவருக்கு இது வீண் செலவு.

கரி எதை எடுக்கிறது என்பதில் தொடங்குவோம். நுண்துளைகள் நிறைந்த கரி, கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். மேலே பூசிய டெக்ஸ்ட்ரான், பெரிய புரதங்கள் கரியின் துளைகளுக்குள் போகாமல் தடுக்கும். இதனால் எஸ்ட்ராடயால், டெஸ்டோஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன், கார்டிசால் எல்லாம் பெருமளவு நீங்கும். ஆல்புமின் முதலிய புரதங்கள் தங்கும். ஆனால் கரிக்கு ஸ்டீராய்டு எது, மற்றது எது என்ற பாகுபாடு கிடையாது. தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 (T3, T4), வைட்டமின் ஏ, டி, ஈ, பல கொழுப்புகள் ஆகியவையும் சேர்ந்தே போய்விடும். சில லாட்களில் (தயாரிப்புத் தொகுதிகளில்) வளர்ச்சிக் காரணிகளும் குறைகின்றன.

மற்ற செல்களில் இது சின்ன விஷயமாக இருக்கலாம். குருத்தெலும்பில் அப்படி விட முடியாது. எலும்பு நீளும் இடமான முனைக் குருத்தெலும்பில், அதாவது வளர்ச்சித் தட்டில், செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டுப் பருக்கத் தொடங்குவதற்குத் தைராய்டு ஹார்மோன் வலுவான தூண்டுதல். வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலமோ குருத்தெலும்பு உருவாவதையே அடக்கக்கூடியது. இரண்டும் ஒரே நேரத்தில் நீங்கிய சீரத்தில் செல் வேறு மாதிரி நடந்துகொண்டால், காரணம் ஸ்டீராய்டு இல்லாததுதான் என்று எப்படிச் சொல்வது? ஆகவே சாதாரண சீரத்தில் வளர்ந்த தட்டை ஒரு பக்கமும், ஹார்மோன் நீக்கிய சீரத்தோடு எஸ்ட்ராடயால் சேர்த்த தட்டை மறுபக்கமும் வைத்து ஒப்பிடவே கூடாது. ஒப்பீடு எப்போதும் நீக்கிய சீரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும்: ஒன்றில் கரைப்பான் மட்டும், மற்றதில் கரைப்பானோடு ஹார்மோன். செல் பருக்கும் கட்டத்தைப் பார்க்கிறவர், தைராய்டு ஹார்மோன் டி3-ஐ எல்லாத் தட்டுகளிலும் ஒரே அளவில் திரும்பச் சேர்ப்பது நல்லது.

வாங்கும்போது பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். "ஹார்மோன் நீக்கியது" என்ற ஒரே வரியோடு வரும் பாட்டிலை நம்ப வேண்டாம். எஸ்ட்ராடயால், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால், டி3, டி4 ஆகியவற்றின் அளவு கரிக்கு முன்னும் பின்னும் அச்சாகியிருந்தால் அது நேர்மையான பொருள். "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று போட்டிருந்தால் அந்த எல்லை என்ன என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அது பூஜ்ஜியம் அல்ல. கணக்கு எளிது. எஸ்ட்ராடயாலின் மூலக்கூறு எடை 272.4. சான்றிதழில் மில்லிக்கு 10 பிகோகிராமுக்குக் கீழ் என்றிருந்தால், அது சுமார் 37 பிகோமோலார். மீடியத்தில் 5 சதவீதச் சீரம் போட்டால் அதிகபட்சம் 1.8 பிகோமோலார் மிஞ்சும். சோதனையின் மிகக் குறைந்த டோஸ் 10 பிகோமோலார் என்றால் இது தாங்கக்கூடியது. 20 சதவீதச் சீரம் போட்டால் மீதம் 7 பிகோமோலாரைத் தாண்டிவிடும், அப்போது அந்த டோஸுக்கு அர்த்தமில்லை. கார்டிசாலுக்கும் இதே வழி: மில்லிக்கு 1 நானோகிராம் என்பது 2.8 நானோமோலார், 10 சதவீதச் சீரத்தில் 0.28 நானோமோலார். செயற்கைக் குளுகோகார்டிகாய்டான டெக்ஸாமெத்தசோன் 1 நானோமோலாரிலிருந்து தொடங்குபவருக்கு இது பிரச்சினை இல்லை.

சான்றிதழ்களில் பெரும்பாலும் விட்டுப்போவது சல்ஃபேட் ஏறிய ஸ்டீராய்டுகள். எஸ்ட்ரோன் சல்ஃபேட் நீரில் நன்றாகக் கரைவதால் கரி அதைச் சரியாகப் பிடிக்காது. செல்லில் சல்ஃபடேஸ் நொதி இருந்தால் அது மறுபடி எஸ்ட்ரோஜனாகிவிடும். எஸ்ட்ரோஜன் வேலையை மிக நுணுக்கமாகச் செய்பவர்கள் கரிக்கு முன் சீரத்தைச் சல்ஃபடேஸால் பதப்படுத்துவது இதனால்தான்.

இவ்வளவு பார்த்து வாங்கிய சீரத்தைச் சிவப்பு மீடியத்தில் ஊற்றினால் பாதி உழைப்பு போச்சு. அமில காரத்தைக் காட்டுவதற்காக மீடியத்தில் சேர்க்கப்படும் ஃபீனால் ரெட் சாயத்துக்கு எஸ்ட்ரோஜன் போன்ற பலவீனமான செயல் உண்டு என்பது 1986-லேயே தெரிந்துவிட்டது. சாயத்தோடு வரும் ஒரு மாசுதான் அதற்குப் பெரும் காரணம் என்று பின்னர் கண்டார்கள். மாசின் அளவு லாட்டுக்கு லாட் மாறும் என்பதால் கழித்துப் பார்க்கவும் வழியில்லை. எஸ்ட்ரோஜன் சோதனை என்றால் ஃபீனால் ரெட் இல்லாத டிஎம்இஎம்/எஃப்12 மீடியம் வாங்குங்கள். டெக்ஸாமெத்தசோன் மட்டும் பார்ப்பவர்கள் இதற்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

எஸ்ட்ரோஜனுக்கு ஏன் இத்தனை கறார் என்றால், வளர்ச்சித் தட்டில் அதன் பங்கு அத்தனை பெரியது. எஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றிய அறிக்கை 1994-ல் வந்தது. வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், எலும்பு முனைகள் மூடவில்லை, எலும்பு வயதோ 15. டெஸ்டோஸ்டிரோன் அவரிடம் குறைவில்லாமல் இருந்தும் வளர்ச்சித் தட்டு மூடவில்லை. ஆண்களிலும் வளர்ச்சித் தட்டை மூடுவது எஸ்ட்ரோஜன்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இது சோதனை அமைப்பையும் நேரடியாகப் பாதிக்கிறது: டெஸ்டோஸ்டிரோனைச் சேர்த்தால் செல்லிலுள்ள அரோமட்டேஸ் நொதி அதில் ஒரு பகுதியை எஸ்ட்ராடயாலாக மாற்றிவிடக்கூடும். எனவே டெஸ்டோஸ்டிரோனோடு, அரோமட்டேஸால் மாற்ற முடியாத டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனையும் தனியே வைத்துப் பாருங்கள். அரோமட்டேஸைத் தடுக்கும் லெட்ரோசோல் சேர்த்த ஒரு வளர்ப்புத் தட்டும் இருக்கட்டும். இந்த மூன்றும் இல்லாமல் "ஆண்ட்ரோஜன் விளைவு" என்று எழுதப்படும் முடிவுகளை நம்புவது கடினம்.

செல் எடுத்த விலங்கு ஆணா பெண்ணா, வளர்ச்சித் தட்டின் எந்த மண்டலத்திலிருந்து எடுத்தது என்பதையும் குறித்து வையுங்கள். எலியின் விலாக் குருத்தெலும்பில் செய்த ஆய்வுகளில் எஸ்ட்ராடயாலுக்குப் பெண் செல்களும், டெஸ்டோஸ்டிரோனுக்கு ஆண் செல்களும் வலுவாகப் பதில் தந்தன. வைட்டமின் டி-யிலும் மண்டல வேறுபாடு உண்டு: 24,25 வடிவத்துக்கு ஓய்வு மண்டலச் செல்கள், 1,25 வடிவத்துக்கு வளர்ச்சி மண்டலச் செல்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வளர்ப்புத் தட்டில் போட்டால், எதிரெதிர் விளைவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சராசரியில் ஒன்றுமே தெரியாமல் போகும். வைட்டமின் டி செய்பவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கரி வைட்டமினை எடுக்குமே தவிர, அதைப் பிணைக்கும் புரதத்தை எடுக்காது. நீங்கள் சேர்ப்பதில் ஒரு பங்கை அந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். சீரத்தை 1 அல்லது 2 சதவீதத்துக்கு இறக்குவதே வழி.

குளுகோகார்டிகாய்டு பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே சீரத்தைவிடப் பெரிய மறைப்பு, எல்லோரும் யோசிக்காமல் சேர்க்கும் ஐடிஎஸ் கலவையில் இருக்கிறது. இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலீனியம் சேர்ந்த இந்தக் கலவையின் வழக்கமான அளவில் மில்லிக்கு 10 மைக்ரோகிராம் இன்சுலின் இருக்கும். அது சுமார் 1.7 மைக்ரோமோலார், உடலில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். இந்த அளவில் இன்சுலின் தன் ஏற்பியோடு நிற்காது, ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் முடுக்கும். குளுகோகார்டிகாய்டு குருத்தெலும்பு செல்லை அடக்கும் வழிகளில் முக்கியமானது, செல் தானே சுரக்கும் ஐஜிஎஃப்-1-ஐயும் அதன் செயலையும் குறைப்பது. அந்தக் குறையை நீங்களே வெளியிலிருந்து இன்சுலினால் நிரப்பிவிட்டு, டெக்ஸாமெத்தசோன் பெருக்கத்தைத் தடுக்கவில்லை என்று சொன்னால் பொருந்துமா? இன்சுலின் இல்லாத, அல்லது மிகக் குறைத்த மீடியத்தில் ஒரு வரிசையும், அதில் ஐஜிஎஃப்-1 மட்டும் சேர்த்த ஒரு வரிசையும் வைத்தால் மறைப்பு விலகும். குருத்தெலும்பு ஆய்வுக்குப் பயன்படும் எலிச் செல் வகையான ஏடிடிசி5 செல்களில் இதைச் செய்வது கடினம். அவை குருத்தெலும்பாக மாற இன்சுலின் தேவை. அங்கே பெருக்கக் கட்டத்தையும் மாறும் கட்டத்தையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே டோஸ் கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்தது.

வளர்ப்புத் தட்டில் செய்யும் சோதனைக்கு உடலில் மதிப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு 1994-ல் வெளியான முயல் ஆய்வு ஒன்றைக் காட்டலாம். ஒரு காலின் வளர்ச்சித் தட்டில் மட்டும் டெக்ஸாமெத்தசோனை நேரடியாகச் செலுத்தினார்கள். அந்தத் தட்டு மட்டும் மெதுவானது. நிறுத்தியதும் அந்தத் தட்டு மட்டும் இழந்ததை ஈடுகட்ட வேகமாக வளர்ந்தது. மருந்து வளர்ச்சித் தட்டிலேயே வேலை செய்கிறது, ஈடுகட்டும் திறனும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது இதில் தெரிகிறது. ஆகவே உங்கள் சோதனையிலும் மருந்தை எடுத்துவிட்ட பிறகு செல்கள் மீள்கின்றனவா என்று பார்க்கும் ஒரு வரிசை இருப்பது நல்லது. பலரும் இதைச் செய்வதில்லை. உண்மையில் மிகவும் பயன் தருவது அந்த வரிசைதான்.

டோஸ் பற்றி ஒரு வார்த்தை. 100 நானோமோலார் டெக்ஸாமெத்தசோன் என்பது வழக்கமாகிவிட்டது. எலும்பு மஜ்ஜைச் செல்களைக் குருத்தெலும்பாக மாற்றும் பெல்லெட் முறையிலிருந்து வந்த அளவு அது. சீரம் இல்லாமல், சுமார் 2,00,000 முதல் 2,50,000 செல்களை 500 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி உருண்டையாக்கி, டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியோடு வளர்க்கும் முறை. அங்கே டெக்ஸாமெத்தசோன் குருத்தெலும்பு உருவாக உதவுகிறது. அதே மருந்து வளர்ச்சித் தட்டின் பெருகும் செல்லை அடக்குகிறது. இதில் முரண்பாடு இல்லை. செல்லின் கட்டம் வேறு, கேட்கும் கேள்வி வேறு. ஆனால் முதல் வேலைக்கான அளவை இரண்டாவதற்கு அப்படியே எடுப்பது தவறு. டெக்ஸாமெத்தசோன் கார்டிசாலைவிடச் சுமார் 25 மடங்கு வீரியம். 100 நானோமோலார் என்பது 2.5 மைக்ரோமோலார் கார்டிசாலுக்குச் சமம், அதுவும் புரதத்தோடு கட்டுப்படாத நிலையில். உடலின் இயல்பான நிலையைப் பார்க்க விரும்பினால் ஹைட்ரோகார்டிசோனே (கார்டிசாலின் மருந்துப் பெயர்) சரி. சிகிச்சை அளவைப் பார்க்க விரும்பினால் டெக்ஸாமெத்தசோனை 1, 10, 100 நானோமோலார் என்று வரிசையாக வையுங்கள். ஏற்பி வழியாகத்தான் விளைவு வருகிறது என்று காட்ட ஏற்பியை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் 1 மைக்ரோமோலார் சேர்த்த தட்டும் வேண்டும்.

ஸ்டாக் (நீர்க்கும் முன் வைக்கும் அடர்கரைசல்) தயாரிப்பில் நடக்கும் பிழைகள் அநேகம். 3.92 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை 1 மில்லி தூய எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதிலிருந்து எல்லா டோஸ்களையும் எத்தனாலிலேயே நீர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் மில்லி மீடியத்துக்கு 1 மைக்ரோலிட்டர் என்று ஒரே அளவு சேர்க்க வேண்டும். அப்போதுதான் எல்லாத் தட்டிலும் எத்தனால் 0.1 சதவீதமாகச் சமமாக இருக்கும். ஒரே ஸ்டாக்கிலிருந்து வெவ்வேறு அளவு எடுத்து ஊற்றினால் டோஸோடு சேர்ந்து எத்தனாலும் ஏறும். வளர்ச்சி குறைந்தது எதனால் என்று தெரியாது. ஸ்டாக்கைக் கண்ணாடிக் குப்பியில், இறுக மூடி, கழித்தல் 20 டிகிரி செல்சியஸில் வையுங்கள். அடிக்கடி திறந்தால் எத்தனால் ஆவியாகி ஸ்டாக் சத்தமில்லாமல் அடர்த்தியாகும். சீரம் இல்லாத மீடியத்தில் நீர்த்து பிளாஸ்டிக் குழாயில் நாள் முழுக்க வைத்தால் ஸ்டீராய்டு சுவரில் ஒட்டிக்கொண்டு எதிர்த்திசையில் பிழை வரும்.

நீரில் கரையும் டெக்ஸாமெத்தசோன் என்று விற்பது சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்த்த பொடி. அதன் எடையில் மருந்து சிறு பங்குதான். கிராமுக்குச் சுமார் 65 மில்லிகிராம் அளவில் இருக்கும், சரியான எண் லேபிளில் இருக்கும். மொத்த எடையை மருந்தின் எடையாக நினைத்து நிறுத்தால் டோஸ் 15 மடங்கு குறையும். கண்ட்ரோல் தட்டுக்கு எத்தனால் அல்ல, மருந்தில்லாத அதே சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்க்க வேண்டும். மூட்டில் போடும் ஊசி மருந்தை எடுத்துச் செல்லில் ஊற்றுவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். அவற்றில் பல தொங்கல் நிலையில் இருப்பவை, பென்சைல் ஆல்கஹால் போன்ற பதப்படுத்திகளும் கலந்திருக்கும். செல் செத்தால் யார் கொன்றது என்று சொல்ல இயலாது.

சீரத்தைக் கையால் தயாரிக்கலாமா? முடியும். 0.25 மோலார் சுக்ரோஸ், 1.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் ஹெப்பஸ் (பிஎச்-ஐ நிலைப்படுத்தும் பொருள்), பிஎச் 7.4 கொண்ட கரைசலில் 0.25 சதவீத நோரிட் ஏ கரியும் 0.0025 சதவீத டெக்ஸ்ட்ரான் டி-70-உம் சேர்த்து 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். 500 மில்லிக்கு 1.25 கிராம் கரி, 12.5 மில்லிகிராம் டெக்ஸ்ட்ரான். சுழற்றிக் கரியை அடியில் படியவைத்து, மேல் நீரைக் கொட்டிவிட்டு, அதே அளவு சீரத்தை ஊற்றிக் கலக்கி, 4 டிகிரியில் 12 மணி நேரம். மறுபடி சுழற்றி, முதலில் 0.45, பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி. இங்கே கெடுவது பெரும்பாலும் கடைசிப் படி. மிக நுண்ணிய கரித்தூள் சீரத்தில் தங்கிவிட்டால், பிறகு நீங்கள் சேர்க்கும் ஹார்மோனையும் அதுவே தின்றுவிடும். டோஸ் வரிசை முழுக்கத் தட்டையாகக் கிடக்கும். ஹார்மோன் அளவை அளந்து பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் கையால் செய்யாமல் விலைக்கு வாங்குவதே மேல். பொருளின் விலையில் பெரும்பகுதி அந்த அளவீட்டுக்காகத்தான் தருகிறோம்.

புது லாட் வந்ததும் சோதனையில் இறக்கிவிட வேண்டாம். பழைய லாட், புது லாட், சாதாரண சீரம் மூன்றிலும் செல்களைச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரே அடர்த்தியில் விதைத்து ஒரு வாரம் பாருங்கள். நீக்கிய சீரத்தில் வளர்ச்சி ஓரளவு மெதுவாவது இயல்பு. செல் ஒட்டாமல் உருண்டால், அல்லது நீண்டு நார்ச் செல் போல ஆனால், அந்த லாட்டைத் திருப்பி அனுப்புங்கள். விதைத்த முதல் நாள் சாதாரண சீரத்தில் ஒட்டவிட்டு, கழுவி, 24 முதல் 48 மணி நேரம் நீக்கிய சீரத்தில் வைத்த பிறகே ஹார்மோன் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லுக்குள் தங்கிய பழைய ஹார்மோன் பேசும். திசுவிலிருந்து நேரடியாக எடுத்த முதன்மைச் செல்களை ஒன்றிரண்டு முறைக்கு மேல் பிரித்து வளர்த்தால் இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டு முதல் வகைக்கு மாறிவிடும். அப்படி மாறிய செல்லில் கிடைக்கும் ஸ்டீராய்டு பதில் குருத்தெலும்பின் பதில் அல்ல.

அளக்கும்போது எம்டிடி என்ற நிறச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அது செல்லின் வளர்சிதை மாற்றத்தைக் காட்டுகிறது, ஸ்டீராய்டு அதையே மாற்றுகிறது. பெருக்கத்துக்கு இடியூ (புதிதாக உருவாகும் டிஎன்ஏ-வில் சேரும் அடையாளப் பொருள்) அல்லது டிஎன்ஏ அளவு, செல்லைச் சுற்றிச் சுரக்கும் மேட்ரிக்ஸுக்கு டிஎம்எம்பி சாயம். மேட்ரிக்ஸ் அளவை எப்போதும் டிஎன்ஏ-வால் வகுத்துத் தாருங்கள்; செல் எண்ணிக்கை பாதியாகி ஒவ்வொரு செல்லும் இருமடங்கு சுரந்தால் மொத்தம் மாறாமல் தெரியும். ஆல்சியன் நீலம் பயன்படுத்தினால் பிஎச் 1.0-ல் சாயமேற்றுங்கள், சல்ஃபேட் உள்ளவை மட்டும் நிறம் பிடிக்கும்.

ஒரு திட்டத்துக்கு வேண்டிய மொத்தச் சீரத்தையும் ஒரே லாட்டில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான விற்பனையாளர்கள் மாதிரி அனுப்பி, முடிவு சொல்லும்வரை அந்த லாட்டைப் பிடித்து வைப்பார்கள். 4 டிகிரியில் இரவு முழுக்க உருகவைத்து, 50 மில்லியாகப் பிரித்துத் திரும்ப உறையவையுங்கள். உருகிய பாட்டிலில் தெரியும் வெண்ணிறத் துணுக்குகள் ஃபைப்ரின். தீங்கில்லை, அதற்காக மறுபடி வடிகட்ட வேண்டாம். கருநிறத் துணுக்கு தெரிந்தால் அது கரி. அந்தப் பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்.